உறங்காவில்லிதாசரும் பொன்னாச்சியாரும்: மஹாவிச்வாசமும் பொறையும் கற்ற ஓர் இல்லறம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருநக்ஷத்ரம்: மாசி ஆயில்யம்
திருவவதாரத் தலம்: உறையூர்
ஆசார்யன்: எம்பெருமானார்
பரமபதம் பெற்ற இடம்: திருவரங்கம்

நம் பூர்வாசார்யர்களின் சரித்திரங்கள் பெரும்பாலும் வேதாத்யயனத்திலோ, சாஸ்த்ர வாதத்திலோ, துறவிலோ தொடங்கும். பிள்ளை உறங்காவில்லிதாசருடைய சரித்திரமோ, ஒரு மல்லர் தம் மனைவியின் கண்ணழகுக்கு அடிமைப்பட்டு நின்றதில் தொடங்குகிறது. அந்த அன்பை எம்பெருமானார் பழிக்கவுமில்லை, பறிக்கவுமில்லை. அது சென்று சேரவேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தத் தம்பதிகள் இரண்டு அரிய பாடங்களைக் கற்றார்கள். ஒன்று மஹாவிச்வாசம்; மற்றொன்று பொறை. இவ்விரண்டையும் அவர்கள் இல்லறத்தை விடாமலேயே கற்றார்கள் என்பது, குடும்பத்தில் உழலும் நம் போன்றோர்க்குப் பெரும் ஆறுதல். அந்த நோக்கில் இச்சரித்திரத்தை இங்கே அநுபவிப்போம்.

உறையூரும் அதன் சேர்த்தியும்

காவிரிக்குத் தென்கரையில் உள்ள உறையூர், நிசுளாபுரி என்று பெரியோர்களால் வழங்கப்பெறும் திவ்யதேசம். இங்கே கமலவல்லி நாச்சியாரும் அழகிய மணவாளரும் எழுந்தருளியிருக்கிறார்கள். திருப்பாணாழ்வார் அவதரித்ததும் இவ்வூரிலேயே. பங்குனித் திருநாளில் ஆயில்ய நக்ஷத்ரத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். அவர் திருவரங்கம் திரும்பியபின், உத்திரத்தன்று பெரிய பிராட்டியார் ஊடல் கொண்டு கதவை அடைத்துக்கொள்வதும், நம்மாழ்வார் நடுவே நின்று சமாதானம் செய்வதும், பின்பு பெருமாளும் பிராட்டியாரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்து சேவை ஸாதிப்பதும் நாம் அறிந்தவையே. அந்தச் சேர்த்தியின் முன்பே எம்பெருமானார் கத்யத்ரயத்தை விண்ணப்பித்து, அடியார்களின் குற்றங்கள் அனைத்தையும் பொறுத்தருளுமாறு வேண்டினார்.

ஊடலும் பொறுத்தலும் மீண்டும் கூடுதலும் திருவிழாவாகவே கொண்டாடப்படும் பெருமை இவ்விரு ஊர்களுக்கும் உண்டு. அத்தகைய உறையூரில் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து முடித்த ஒரு தம்பதிகளின் கதையே இது.

காவிரி மணலில் ஒரு காட்சி

தாசர் இளமையில் சிறந்த மல்லர். வில்லிலும் வாளிலும் வல்லவர். அரசனிடம் வீரராய்ப் பணிபுரிந்தவர். அவருடைய தேவிகள் பொன்னாச்சியார். ஹேமாம்பா என்றும் அவரைக் கூறுவர். அவருடைய கண்களின் அழகில் தாசர் தம்மை முற்றிலும் இழந்திருந்தார்.

கோடை வெயில் கொளுத்திய ஒரு திருநாளின்போது, எம்பெருமானார் தம் சிஷ்யர்களோடு காவிரிக்கு எழுந்தருளினார். அங்கே கொதிக்கும் மணலில் பொன்னாச்சியார் நடந்து வர, தாசர் ஒரு கையால் அவருக்குக் குடை பிடித்து, மறு கையால் அவர் அடி வைக்கும் இடந்தோறும் துணியை விரித்துக்கொண்டே சென்றார். கண்டவர்கள் எள்ளி நகைத்தார்கள். மார்பு அகன்ற ஒரு வீரன், பலர் பார்க்க இப்படி நடந்துகொள்வதா என்று பேசிக்கொண்டார்கள். தாசருடைய காதில் எதுவும் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

எம்பெருமானார் நகைக்கவில்லை. பிறர் பைத்தியம் என்று கண்ட இடத்தில் அவர் ஒரு தகுதியைக் கண்டார். நாணத்தையும் மானத்தையும் விட்டு ஒன்றில் ஈடுபட வல்ல இந்த நெஞ்சு, எம்பெருமான் பக்கம் திரும்பினால் எப்படியிருக்கும் என்பதே அவர் திருவுள்ளத்தில் ஓடியது. தாசரை அழைத்து, இவ்வாறு செய்வதற்குக் காரணம் என்ன என்று வினவினார். தம் மனைவியின் கண்ணழகுக்குத் தாம் அடிமை என்றும், அந்த அழகு வாடாமல் காக்க எதையும் செய்வேன் என்றும் தாசர் ஒளிக்காமல் விடையளித்தார். அதைக் காட்டிலும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவீரோ என்று எம்பெருமானார் கேட்க, தாசர் உடனே இசைந்தார்.

இந்த இசைவை நாம் எளிதாகக் கடந்து செல்லக்கூடாது. தாசருக்கு அந்த யதிராஜரிடம் அதற்குமுன் பழக்கமில்லை. உலகில் தாம் கண்டவற்றுள் தலைசிறந்தது எதுவோ, அதனினும் சிறந்தது ஒன்று உண்டு என்று ஒருவர் கூறுகிறார். அவரை நம்பிப் பின்னே செல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். தாசருடைய மஹாவிச்வாசத்தின் முதல் முளை அந்த மணலிலேயே தோன்றியது.

கண்ணழகுக்குத் தோற்றவர்

எம்பெருமானார் தாசரை நம்பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். திருப்பாணாழ்வாருக்குக் காட்டியருளிய அந்தத் திருக்கண்களை இவருக்கும் காட்டியருளவேண்டும் என்று பிரார்த்தித்தார். அமலனாதிபிரானின் பத்துப் பாசுரங்களில் எட்டாவது, பெரிய பெருமாளின் திருக்கண்களை அநுபவிப்பது. அக்கண்களில் ஆழ்வார் பேதைமை கொண்டதை வ்யாக்யாதாக்கள் விரித்துரைத்திருப்பதை வாசகர்கள் அறிவர். அந்த ஆழ்வாருடைய ஊரிலே பிறந்த இந்த மல்லருக்கும் அதே பேறு அன்று கிட்டியது. பெருமாள் தம் திருக்கண்களின் உண்மை அழகைக் காட்டியருள, தாசர் நிலை குலைந்து எம்பெருமானார் திருவடிகளில் விழுந்தார். கொடுத்த வாக்கின்படி அன்றுமுதல் அடிமையானார்.

இங்கே பொன்னாச்சியாரின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தம் கண்களையே உலகமாகக் கொண்டிருந்த கணவர், வேறு கண்களைக் கண்டு திரும்பி வருகிறார். ஒரு மனைவிக்கு இது எளிய செய்தி அன்று. அவர் பிணங்கியிருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ, கணவர் கண்டதைத் தாமும் காண விரும்பினார். எம்பெருமானாரையே தஞ்சமாகப் பற்றினார். இருவருமாக உறையூரை விட்டுத் திருவரங்கத்தில் குடியேறினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த இருவர், அன்றுமுதல் பெருமாளைச் சேர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய அன்பு இதனால் குறையவில்லை என்பதைச் சரித்திரத்தின் முடிவு நமக்குக் காட்டும்.

உறங்காத வில்லி

வனவாஸத்தில் பதினான்கு ஆண்டுகள் இமை கொட்டாமல் ஸ்ரீராமனைக் காத்த இளைய பெருமாளைப் போன்றவர் என்பதனால், இவருக்கு உறங்காவில்லி என்ற திருநாமம் பொருந்தியது. நம்பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது, தாசர் உருவிய வாளோடு முன்னே செல்வார். எம்பெருமானுடைய திருமேனிக்கு ஒரு சிறு அசைவால் தீங்கு நேர்ந்தாலும் அந்த வாளால் தம் உயிரை மாய்த்துக்கொள்வது என்பது அவருடைய உறுதி. ஸர்வரக்ஷகனுக்கு ஒரு மல்லன் காவலா என்று தர்க்கம் பேசுவோர் கேட்கலாம். அன்பின் மிகுதியால் ரக்ஷகனையே ரக்ஷிக்கவேண்டும் என்று பரிவது பெரியாழ்வாருடைய வழி. அந்த வழியில் நின்ற தாசரை நம் ஆசார்யர்கள் மஹாமதி, அதாவது பேரறிவாளர் என்று கொண்டாடினார்கள். கல்வியால் வராத அறிவு பரிவால் வந்தது.

ஒரு கலக்கமும் அதன் தெளிவும்

எம்பெருமானார் ஒரு சமயம் ஸ்ரீவிபீஷணாழ்வானுடைய சரணாகதியை உபந்யஸித்துக்கொண்டிருந்தார். மனைவி மக்கள், இலங்கைச் செல்வம் யாவற்றையும் துறந்து வந்த விபீஷணனை ஏற்கலாமா என்று ஸுக்ரீவன் முதலானோர் நெடுநேரம் ஆராய்ந்தார்கள் என்பதைக் கேட்டதும், தாசர் எழுந்து நின்றார். எல்லாவற்றையும் விட்டு வந்தவனுக்கே இத்தனை தடை என்றால், மனைவியையும் வீட்டையும் விடாத தமக்குக் கதி எங்ஙனே என்று கலங்கி வினவினார்.

இந்தக் கேள்வியைத் தாசர் நமக்காகவே கேட்டார் என்று தோன்றுகிறது. பழைய வாழ்வின் நினைவு உள்ளவர்க்கு, தாம் மன்னிக்கப்பட்டோம் என்று நம்புவது மிகக் கடினம். எம்பெருமானார் அதற்கு அளித்த தெளிவு ஸம்ப்ரதாயத்தின் உயிர்நாடி. தமக்கு மோக்ஷம் உண்டாகில் தாசருக்கும் உண்டு. பெரிய நம்பிக்கு உண்டாகில் தமக்கும் உண்டு. ஆளவந்தாருக்கு உண்டாகில் பெரிய நம்பிக்கும் உண்டு. இவ்வாறே ஆசார்ய பரம்பரையில் நம்மாழ்வார்வரை ஏறிச்சென்று, ஆழ்வாருக்குப் பேறு தவறாது என்றும், அவருக்காகப் பெரிய பிராட்டியார் பரிந்துரைப்பார் என்றும் உணர்த்தினார். விபீஷணனோடு வந்த நான்கு அரக்கர்கள் தனியே சரணாகதி செய்யவில்லை. அவனைப் பற்றியிருந்ததனாலேயே அவர்களும் ஏற்கப்பட்டார்கள் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

தாசர் மனைவியைத் துறக்கவேண்டும் என்று எம்பெருமானார் விதிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பேறு, நாம் எதை விட்டோம் என்பதைப் பொறுத்ததன்று. யாரைப் பற்றினோம் என்பதைப் பொறுத்தது. தாசர் இதனை முழுமையாக நம்பினார். இந்த நம்பிக்கை எத்தகையது என்பதை உலகறியும் காலமும் வந்தது.

கிழிந்த உடைகள்

எம்பெருமானார் காவிரியில் நீராடித் திரும்புகையில் தாசருடைய கையைப் பற்றிக்கொண்டு எழுந்தருளுவது வழக்கம். தாசருடைய பிறப்பைக் காரணமாகக் காட்டிச் சில சிஷ்யர்கள் இதனால் மனம் புழுங்கினார்கள். நீராடித் தூய்மையானபின் இவரைத் தீண்டலாமா என்பது அவர்களுடைய ஐயம். எம்பெருமானார் விடை கூறவில்லை. விடையை அவர்களே காணும்படி செய்தார்.

மடத்தில் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த சிஷ்யர்களின் உடைகளில், ஓர் இரவில் சிறு சிறு துண்டுகளைக் கிழித்து வைக்கச் செய்தார். காலையில் அதனைக் கண்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தி, கேட்கத்தகாத சொற்களால் பூசலிட்டார்கள். ஒரு சாண் துணிக்காக, உடன் கற்ற பாகவதர்களையே பகைத்தார்கள். எம்பெருமானார் அவர்களை அமைதிப்படுத்தினார்.

பின்னர் ஒரு நாள், அச்சிஷ்யர்கள் சிலரை அழைத்து, தாம் தாசரை மடத்தில் பேச்சில் நிறுத்திக்கொள்வதாகவும், அவர்கள் அவ்வேளையில் தாசர் இல்லத்திற்குச் சென்று உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கழற்றி வரவேண்டும் என்றும் நியமித்தார். அவர்களும் சென்றார்கள்.

ஒரு பக்கத்து நகைகள்

பொன்னாச்சியார் படுத்திருந்தார், ஆனால் உறங்கவில்லை. வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள் என்பதைக் கண்டுகொண்டார். அடியார்கள் வறுமையால் அல்லவோ இத்தொழிலுக்கு வந்தார்கள் என்று இரங்கி, அவர்கள் அஞ்சாதபடி உறங்குவதுபோலவே கிடந்தார். அவர்கள் ஒரு பக்கத்துக் காதிலும் கையிலும் இருந்த நகைகளைக் கழற்றினார்கள். மறுபக்கத்து நகைகளையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கருதி, அவர் தூக்கத்தில் புரள்வதுபோல் மெல்லத் திரும்பினார். அவர் விழித்துக்கொண்டார் என்று அஞ்சி, அவர்கள் கிடைத்தவற்றோடு ஓடி மடத்தை அடைந்தார்கள்.

நாம் வங்கிப் பணியில் இருந்த காலத்தில், நகைக்கடன் பிரிவில் சில ஆண்டுகள் அமர்ந்திருக்கிறோம். அடகு வைப்பதற்காகப் பெண்மணிகள் வளையலைக் கழற்றி மேசைமேல் வைக்கும்போது, மதிப்பீட்டாளர் அதனை எடுக்குமுன் விரல்கள் ஒரு கணம் அதன்மேல் தங்கும். ரசீது பெற்று, மீட்கலாம் என்ற உறுதியோடு வைப்பவர்க்கே அந்தத் தயக்கம் இயல்பு. ரசீதும் இல்லாமல், மீளும் என்ற எண்ணமும் இல்லாமல், களவாடுகிறவர்க்கு வசதியாகத் திரும்பிப் படுத்தார் இந்த அம்மையார். அவர்கள் கேளாமலேயே மன்னித்தார். அவர்கள் வெட்கப்படாதபடியும் மன்னித்தார். பொறை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு ஏது என்றே நமக்குத் தோன்றும்.

தாசர் கண்ட குறை

சிஷ்யர்கள் திரும்பியதை அறிந்த எம்பெருமானார், தாசருக்கு விடை கொடுத்தனுப்பினார். அவர் பின்னே மறைந்து சென்று, அங்கே நிகழும் பேச்சைக் கேட்டு வரும்படி அந்தச் சிஷ்யர்களையே ஏவினார். இல்லம் புகுந்த தாசர், மனைவியார் ஒரு பக்கத்தில் மட்டும் நகை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் வினவினார். பொன்னாச்சியார் நடந்ததை மறைக்காமல் கூறினார். தாம் திரும்பிப் படுத்ததையும் கூறினார்.

சுவருக்கப்பால் நின்றவர்கள், களவு கொடுத்தவர் சீறுவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். தாசரோ களவுக்காகச் சிறிதும் வருந்தவில்லை. மனைவியார் திரும்பிப் படுத்ததற்காக வருந்தினார். இவை என்னுடையவை, இவற்றை நான் கொடுக்கிறேன் என்ற நினைவு இருந்ததனால் அன்றோ அவ்வாறு செய்யத் தோன்றியது. எம்பெருமானுடைய பொருளை எம்பெருமானுடைய அடியார்கள் எடுத்துக்கொள்ளும்போது, அசித்தைப்போல் அசையாமல் கிடந்திருந்தால் அவர்கள் எல்லாவற்றையும் கொண்டு சென்றிருப்பார்களே என்று வெறுத்துரைத்தார். பொன்னாச்சியார் தம் செயலுக்கு நியாயம் கூறவில்லை. தம்மிடம் ஒளிந்திருந்த அஹங்காரம் நீங்கும்படி அருளவேண்டும் என்று வேண்டி நின்றார்.

இந்த இடத்தில் தாசர் கடுமை காட்டினாரோ என்ற கேள்வி நம்முள் எழுவது இயற்கை. நற்செயல் செய்த மனைவியைக் கடிந்துகொள்ளலாமா? சற்று நிதானித்தால் அவர் கூறியதன் நுட்பம் விளங்கும். வங்கியில் காசாளர் நாள் முழுவதும் இலட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறார். மாலையில் வீடு திரும்பும்போது, இன்று இத்தனை பேருக்கு வாரி வழங்கினேன் என்று அவர் மார்தட்டிக்கொள்வதில்லை. பணம் தம்முடையதன்று என்பதை அவர் அறிவார். ஆத்மாவும் ஆத்மாவைச் சேர்ந்தவையும் எம்பெருமானுடையவை என்று உணர்ந்தவர்க்கு, கொடுத்தல் என்பதே இல்லை. மன்னித்தலும் அத்தகையதே. நான் உன்னைப் பொறுத்தேன் என்ற நினைவு நெஞ்சில் ஒரு மூலையில் தங்கினால், மன்னித்தவர் உயரத்திலும் மன்னிக்கப்பட்டவர் தாழ்விலும் நிற்க நேரும். அந்தப் பொறையிலும் ஒரு கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது. தாசர் அழிக்க விரும்பியது அந்தக் கடைசி வரியைத்தான்.

ஆயினும் அன்றிரவு வென்றவர் பொன்னாச்சியார் என்பதே நம் எண்ணம். நகைகளை விடுவதைக் காட்டிலும், நாம் செய்தது சரி என்ற பிடிப்பை விடுவது கடினம். நல்லெண்ணத்தோடு செய்த ஒன்றைக் குறை கூறக் கேட்டும், அவர் கணவரை வெறுக்கவில்லை, தம்மை நோக்கினார். கணவர் தம் ஆத்ம நலத்துக்காகவே பேசுகிறார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் திருத்தம் சண்டையாக முடியும். அது இருந்த இடத்தில் திருத்தமே ப்ரஸாதமாயிற்று.

எம்பெருமானார் செய்த தீர்ப்பு

சிஷ்யர்கள் தாம் கேட்டவற்றை எம்பெருமானாரிடம் விண்ணப்பித்தார்கள். மறுநாள் அவர் அனைவரையும் கூட்டி, கிழிந்த உடைகளுக்காக அவர்கள் இட்ட பூசலையும், ஆபரணங்கள் களவு போனபோது அவ்வில்லத்தில் நிகழ்ந்த பேச்சையும் அருகருகே வைத்துக்காட்டினார். எது பாகவதர்க்கு உரிய நடத்தை என்பதை அவர்களே தீர்மானிக்குமாறு விட்டார். நீராடியபின் அவர் பற்றிய கை எத்தகைய கை என்பது அப்போது அவர்களுக்கு விளங்கியது. தலை கவிழ்ந்தார்கள். நகைகளைத் தாசரிடமே சேர்த்து, நடந்தவற்றை விளக்கினார் எம்பெருமானார். பிறப்பைப் பார்த்துப் பிழை செய்த சிஷ்யர்களை அவர் தள்ளிவிடவில்லை, திருத்திச் சேர்த்துக்கொண்டார். மன்னிப்பைப் பற்றி அவர் செய்த உபதேசம் அதுவே.

குடையும் கண்ணீரும்

காலம் கனிந்தபோது தாசர் தம் முடிவை உணர்ந்தார். ஸ்ரீவைஷ்ணவர்களைத் தம் திருமாளிகைக்கு எழுந்தருளச் செய்து, ததீயாராதனம் செய்வித்து, அவர்களுடைய ஸ்ரீபாத தீர்த்தத்தை ஏற்றுக்கொண்டார். தாம் பரமபதத்திற்கு ஏறுவதாகவும், அவர் இங்கேயே இருந்து வாழவேண்டும் என்றும் பொன்னாச்சியாரிடம் கூறினார். எம்பெருமானாருடைய திருவடிநிலைகளைத் தம் தலையில் வைத்துக்கொண்டு திருநாட்டை அடைந்தார்.

ஸ்ரீவைஷ்ணவர்கள் அவருடைய சரமத் திருமேனியை அலங்கரித்துக் குடையோடு எழுந்தருளப் பண்ணினார்கள். கணவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதுவரை நின்ற பொன்னாச்சியார், வீதியின் கோடியில் அந்தக் குடையைக் கண்டதும் பிரிவு தாங்காமல் வாய்விட்டு அழுதார். அக்கணமே அவரும் உயிர் நீத்தார். ஒரு காலத்தில் காவிரி மணலில் அவருக்காகக் குடை பிடித்த கையை அவர் எண்ணியிருப்பாரோ என்று நம் நெஞ்சு நினைக்கிறது. பாகவதருடைய பிரிவைப் பொறாமை ஒரு குறையன்று, அதுவே ஸ்வரூபத்தின் நிறம் என்று நம் பெரியோர்கள் போற்றுகிறார்கள். எல்லாவற்றையும் பொறுத்த அவர் பொறுக்காதது இது ஒன்றே.

எம்பெருமான் ஏற்றுக்கொள்வான் என்று நம்புவது தாசர் கற்ற பாடம். பொறுத்ததையும் மறந்து பொறுப்பது பொன்னாச்சியார் கற்ற பாடம். இவற்றை அவர்கள் மடத்திலோ காட்டிலோ கற்கவில்லை; கணவர் கேட்க மனைவி விடை கூறிய வீட்டில் கற்றார்கள். இன்று உலகின் எந்த மூலையில் நம் அடியார்களின் இல்லம் இருந்தாலும், அங்கும் பிழைகள் நேரும், கடுஞ்சொற்கள் எழும், பழைய கணக்குகள் தூக்கத்தைக் கெடுக்கும். அப்போது இத்தம்பதிகளை ஒருமுறை நினைப்போம். மாசி ஆயில்யத்தன்று தாசருடைய வாழித்திருநாமத்தை அநுஸந்திக்கும்போது, பொன்னாச்சியாரையும் சேர்த்தே வணங்குவோம்.

பிள்ளை உறங்காவில்லிதாசர் திருவடிகளே சரணம்
பொன்னாச்சியார் திருவடிகளே சரணம்
எம்பெருமானார் திருவடிகளே சரணம்